ஒரு வண்டு, இரண்டு கட்டுரைகள்

மார்ச் 3

வணக்கம்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். நலம் விசாரிக்கும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா? நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

தானியக் கிடங்கில் எவ்வளவு நச்சுப் புகை போட்டாலும் வண்டு ஏன் சாவதில்லை என்று கண்டுபிடித்துப் போன மாதம் கட்டுரை அனுப்பினேன். நஞ்சை முறிப்பது வண்டில்லை, அதன் குடலில் வாழும் ஒரு கிருமி. அதே வாரம், அதே முடிவோடு, அதே பத்திரிகைக்கு இன்னொரு கட்டுரை வந்திருக்கிறதாம். அனுப்பியது நீங்கள்.

நாம் பிரிந்து ஆறு வருடமாகிறது. நீங்கள் ஒரு நாட்டில், நான் ஒரு நாட்டில். ஆனாலும் யார் யாரிடமிருந்து சுட்டார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் இயக்குநர், "மேடம், நீங்கதான் முன்னாடி அனுப்பியிருக்கீங்க. விட்டுக் குடுத்துடாதீங்க" என்கிறார்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். நான் இதில் இறங்கியிருப்பது உங்களுக்குத் தெரியுமா?

இப்படிக்கு,
பழைய முகவரியிலேயே இருப்பவள்


மார்ச் 19

அன்புள்ள வக்கீலம்மா,

பழைய பெயரில் கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இப்படிக் குறுக்கு விசாரணை செய்தால் வேறு எப்படிக் கூப்பிடுவது?

சத்தியமாகத் தெரியாது. நீ ஆய்வை விட்டுவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டாய் என்று உன் அண்ணன் சொல்லியிருந்தார். பத்திரிகையிலிருந்து அனுப்பிவைத்த உன் கட்டுரையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிருமியை அழித்துவிட்டுப் புகை போட்டால் வண்டு சாகிறது என்று நானும் காட்டினேன். ஆனால் கிருமியைத் திரும்ப ஊட்டி, மறுபடி புகை போட்டு, வண்டு பிழைக்கிறதா என்று பார்த்தது நீ மட்டும்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

அதுவும் போக, "வண்டைப் பாக்காதீங்க, அது வயித்தைப் பாருங்க" என்று அன்றைக்கு மாவு சலித்துக்கொண்டே சொன்னது நீதானே? பெருமை உன்னுடையதாகவே இருக்கட்டும். என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
நான்


ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

பிச்சை வேண்டாம். வண்டின் வயிற்றைப் பார்க்கச் சொன்னது நீங்கள். வாய் நிறையப் பற்பசை நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சரி, யார் சொன்னால் என்ன? சொன்னதற்கா பெருமை, நிரூபித்ததற்குத்தானே? நிரூபித்தது இரண்டு பேர். அதனால் எதையும் திரும்பப் பெறாதீர்கள். இருவருக்கும் சமபங்கு என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன்.

ஒரே இதழில் அருகருகே போடுகிறார்களாம். ஆய்வு நடந்த காலத்தில் ஒருவரோடொருவர் எந்தத் தொடர்பும் இல்லை, தனித்தனியாகவே செய்தோம் என்று மட்டும் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"ரெண்டு வரிதானே மேடம், போட்டுக் குடுத்துடுங்க" என்கிறார் இயக்குநர். எனக்குப் பேனா ஓடவில்லை. பேச்சுவார்த்தை இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் மனசுக்குள் உங்களோடுதான் மல்லுக்கட்டினேன். "இது போதாது, வேற காரணம் இருக்கலாமில்ல?" என்று கேட்பீர்கள். உங்கள் வாயை அடைக்கத்தான் அந்தக் கிருமியைத் திரும்ப ஊட்டியே பார்த்தேன். தனியாகச் செய்தேன் என்று எப்படி எழுதுவேன்?

உங்களுக்கும் இப்படித்தானா?

அன்புடன்,
வக்கீலம்மா


ஏப்ரல் 20

அன்புள்ள வக்கீலம்மா,

ஆமாம் என்று எழுதிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். உன்னிடம் அது எடுபடாது.

எனக்கு அப்படி இல்லை. இங்கே வந்த புதிதில் உன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வேலையும் ஓடவில்லை. கஷ்டப்பட்டுத்தான் அதை நிறுத்தினேன். நின்ற பிறகுதான் இந்த ஆய்வே தொடங்கியது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். என் அளவில் அது உண்மை.

நீயும் போட்டுவிடு. உன் உழைப்புக்கு உரியது உனக்கு வந்து சேர வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நான்


மே 6

அன்புள்ள உங்களுக்கு,

மழுப்பாமல் சொன்னதற்கு நன்றி. கோபமில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு கட்டுரைகளும் அடுத்த இதழில் வருகின்றன. இயக்குநர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வந்தார். "வீட்ல உள்ளவங்களுக்கு போன் போட்டுச் சொல்லிட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். சொல்ல வேண்டும் என்றேன்.

நாம் கையெழுத்துப் போட்ட படிவத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்ததே, மற்றக் கட்டுரையாளர் உங்களுக்கு என்ன உறவு என்று. நான் 'கணவர்' என்று எழுதியிருந்தேன். நாம் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லையே. நேற்றுப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். உங்கள் படிவத்தில் 'முன்பு உடன் பணியாற்றியவர்' என்று இருக்கிறதாம்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தாங்க அச்சுக்குப் போகும். எதை வெச்சுக்கட்டும்?" என்றாள்.

"படிவத்தை அவர்தானே முதல்ல அனுப்பினாரு? அதையே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
முன்பு உடன் பணியாற்றியவள்