முடிந்தவரை என்னும் வரிசை

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியும்போதே தூறல். குடை ஆபீஸில். பாலத்தடியில் தண்ணீர் நின்றதால் ஸ்கூட்டி அணைந்துவிட்டது, தள்ளிக்கொண்டே போனேன். செருப்பு வார் அறுந்தது.

செய்ய வேண்டியவை: அமிர்தாவுக்கு ஸ்கூல் ஷூ. கேஸ் புக்கிங். தோசை மாவு. கேம் பிளான் செட்டிங்கை எல்லா ஏரியாவுக்கும் ஏற்றுவது.

கடைசியது ஆபீஸ் வேலை. ஆன்லைன் கேம் ஆடுகிறவர்கள் கூடுதலாகக் கட்டினால் அவர்களுடைய ஆட்டம் மற்றவர்களுக்கு முன்னால் போகும் என்று மேலிடம் புதுத் திட்டம் போட்டிருக்கிறது. ஹைதராபாத் முழுக்க ஓடுகிற எங்கள் கேபிள் இன்டர்நெட்டில் வீட்டுக்கு வருகிற பாதை அகலம். வீட்டிலிருந்து வெளியே போகிற பாதை குறுகல். சில நூறு வீடுகள் அந்த ஒரு சந்தில்தான் முட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். அதில் யார் முன்னால், யார் பின்னால் என்று அமைத்து வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இன்றுமுதல் வரிசை:

1. போன் பேச்சு
2. ஊழியர் வீட்டு இணைப்பு (நாங்கள் வீட்டிலிருந்தும் வேலை பார்ப்பதால்)
3. கேம் பிளான்
4. மற்றதெல்லாம்

நான்காவதற்கு எங்கள் தொழிலில் பெயரே 'முடிந்தவரை'. இடம் இருந்தால் போகும். இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும்.

மதியம் ஒரு புகாரை என்னிடம் தள்ளினார்கள். பலமுறை மூடி, மறுபடி திறந்தது. டேவிட், மல்காஜ்கிரி. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. 'வீடியோ காலில் என் கை அவருக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார். கால் சென்டரின் குறிப்பு: ஸ்பீடு சரி. வாடிக்கையாளர் பேச மறுக்கிறார்.

கீழே அவரே இன்னொரு வரி சேர்த்திருக்கிறார். எனக்குக் காது கேட்காது, பேச்சும் வராது, தயவுசெய்து எழுதுங்கள்.

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மழை விட்டிருக்கிறது. புழுக்கம். டெக்னீஷியனை அனுப்பாமல் நானே ஆபீஸ் முடிந்து டேவிட் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது மனைவி பிலோமினா. அவருக்குக் காது கேட்கும். செகந்திராபாதில் நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். டேவிட்டுக்கு நாற்பது வயதிருக்கும். பல் செட் செய்கிற லேபில் வேலை. நகக்கண்ணில் இளஞ்சிவப்பு மெழுகு.

வீடியோ கால் யாருக்கு என்று கேட்டேன். போத்தனூரில் இருக்கும் அண்ணன் சாலமனுக்கு. அவருக்கும் காது கேட்காது. கல்லீரல் கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சில மாதம் ஓடும் என்றார்களாம். டேவிட் போய் லீவு தீரும்வரை கூட இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"ஹவ் மேடம், ஆமா, டெய்லி இதே கதைதான்" என்றார் பிலோமினா. "அண்ணன் முகம் இங்க சாஃபா, பளிச்சுனு தெரியுது. இவர் கைதான் அங்க போக மாட்டேங்குது."

"மொபைல் டேட்டால பாத்தீங்களா?"

"வீட்டுக்குள்ள டவரே இல்ல. மாடிக்குப் போனா மழை, இருட்டு. இருட்டுல கை எப்படித் தெரியும்?"

எழுதி அனுப்பலாமே என்று கேட்டுவிட்டேன்.

"சாலமன் அண்ணன் ஸ்கூலுக்கே போகல மேடம். படிக்கத் தெரியாது. இவர் வீடியோ புடிச்சுகூட அனுப்பினார். அண்ணன் பாத்துட்டு என்னமோ கேக்குறார், அதுக்கு இவர் பதில் சொல்லணும்ல. ஒருத்தரே பேசினா அது பேச்சா?"

கால் வந்தது. சாலமன் கழுத்துவரை போர்வை, மஞ்சள் பூத்த கண். தெளிவாகத் தெரிந்தார். டேவிட் கைகளால் சொன்னார். அந்தப் பக்கம் சாலமன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ஒரு விரலைக் கண்ணருகே ஆட்டினார். தெரியல, மறுபடி. டேவிட் மறுபடி சொன்னார். மறுபடியும் அந்த விரல்.

எனக்குப் பார்த்ததும் விளங்கியது. பாதையில் நெரிசல் வந்தால் ஆப் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். முகம் அதிகம் அசையாது, மங்கலாகவாவது போய்ச் சேரும். வேகமாக அசைவதுதான் முதலில் கெடும். காது கேட்கிறவர்களுக்குக் குரல் போனால் போதும், யாரும் புகார் செய்வதில்லை.

கிளம்பும்போது பிலோமினா சொன்னது: "இவங்க சைகை பாதி இவங்களே சின்னப்பிள்ளைல உண்டாக்கினது. டெஃப் ஸ்கூல்ல கத்துக் குடுக்கிறது வேற, நானும் இவரும் பேசிக்கிறது அதுலதான். போத்தனூர்ல அண்ணிக்கும் புரியாது, எனக்கும் புரியாது. உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும்."

ஆகஸ்ட் 7, வியாழன்

மேனேஜர் சீனிவாஸ் சாரிடம் கேட்டேன். இவர் மோடத்தை மட்டும் மேல் வரிசையில் போடலாமா.

"எந்தமந்தி உன்னாரு மேடம், இலாண்டி கஸ்டமர்ஸ்?" எத்தனை பேர் என்கிறார்.

தெரிந்தவரை ஒருவர் என்றேன். பேனாவை மூடினார்.

கெட்டவர் இல்லை. டீ வரவழைத்தார். பணம் கட்டிய பிளானுக்கும் மோடத்தின் வரிசைக்கும் பொருந்தாவிட்டால் சிஸ்டம் தானாகவே பழையபடி மாற்றிவிடும், உங்களுக்குத் தெரியாததா என்றார். தெரியும். அதை எழுதியதே நான்தான். வெளியே போகிற குறுகல் பாதையை இரண்டாகப் பிரித்தால் நெரிசல் குறையும். மல்காஜ்கிரிக்கு அடுத்த வருஷம் பார்க்கலாமாம். இந்த வருஷம் எல்லாம் ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற கச்சிபௌலி அடுக்குமாடிகளுக்கு.

தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில். வாடிக்கையாளரை பிசினஸ் பிளானுக்கு மாறச் சொல்லவும். பிசினஸ் பிளான் மல்காஜ்கிரியில் கிடையாது.

ஷூ வாங்கியாயிற்று. ஒரு சைஸ் பெரிது.

ஆகஸ்ட் 9, சனி

ஒரு காரியம் செய்தேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டு மோடம் ஊழியர் மோடம். வரிசை மோடத்தோடு ஒட்டியது, வீட்டோடு இல்லை. டேவிட் வீடும் எங்கள் வீடும் ஒரே கேபிளில். கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டினேன். அவர்கள் மோடத்தை இங்கே கொண்டுவந்தேன்.

மாலையில் கால் வரும்போது டேவிட் வீட்டில் இருந்தேன். சாலமன் விரலை ஆட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்று காட்டிக்கொண்டே சிரித்தார். இரண்டு பேர் கையும் ஒன்றை ஒன்று முந்தின. இடையிடையே டேவிட்டின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம்.

"என்னன்னு கேட்டா ரெண்டு பேரும் சொல்ல மாட்டாங்க" என்றார் பிலோமினா. "என்னைப் பத்தித்தான் இருக்கும்."

வீட்டில் அமிர்தா முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "அம்மா, நாக்கு டோர்னமென்ட் உந்தி. எந்த லேக் தெலுசா?" ஆன்லைன் போட்டி இருக்கிறதாம், நெட் எவ்வளவு இழுக்கிறது தெரியுமா என்கிறாள். நான் தமிழில் கேட்க, அவள் தெலுங்கில் பதில் சொல்ல, சண்டை அப்படியே போனது. அவள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "மாட்டினா வேல போயிரும். யோசிச்சுக்க."

யோசித்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தினமும் கால் நன்றாக இருக்கிறதாம். டேவிட் கட்டைவிரல் படம் அனுப்புகிறார்.

தக்காளி: போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கிரேட் எடுத்துவந்தார், மூன்று வீட்டுக்குப் பங்கு. பாதி அழுகல்.

எங்கள் ஏரியாவில் கேம் பிளான் நன்றாக விற்கிறது. மாலையானால் நான்காம் வரிசையில் உதிர்வதைக் காட்டும் கோடு மேலே மேலே. மீட்டிங்கில் கைதட்டினார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கனமழை. பழைய கேபிளில் தண்ணீர் இறங்கி லைனெல்லாம் இரைச்சல். அதைத் தேடிப் போன டெக்னீஷியன் டேவிட் வீட்டில் ஊழியர் மோடத்தைப் பார்த்து, ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார். அவர் கடமை.

சீனிவாஸ் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். ரிப்போர்ட் இன்னும் மேலே போகவில்லை. மாலைக்குள் மோடம் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் டெக்னீஷியன் நம்பரைத் தவறாகப் படித்தார் என்று முடித்துவிடுகிறேன். வராவிட்டால், "நேனேம் செய்யலேனு மேடம்." அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அவர்கள் மோடத்தை எடுத்துக்கொண்டு மழையோடு போனேன். நான் எப்படிச் சொல்வது என்று நிற்கும்போதே பிலோமினாவுக்குப் புரிந்துவிட்டது. "நக்கோ மேடம், வேண்டாம், எங்களால உங்க வேலைக்கு ஆபத்து நக்கோ." டேவிட்டிடம் கையால் சொன்னார். டேவிட் தானே கேபிளைத் திருகிக் கழற்றி, ஒயரை அழகாகச் சுற்றி, மோடத்தைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். நன்றி என்று காட்டினார். அந்த ஒரு சைகை எனக்குத் தெரியும்.

அமிர்தாவுக்கு சந்தோஷம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. எல்லோரும் வீட்டில், சந்தே அடைத்துக்கொண்டிருக்கும்.

காலையில் டேவிட்டிடமிருந்து மெசேஜ். கேம் பிளான் வாங்கிவிட்டாராம். எல்லாமே முன்னால போகும் சார் என்று விற்கிறவன் எழுதிக் காட்டியிருக்கிறான். கேமுக்குரிய தகவலை மட்டும்தான் அந்த வரிசை ஏற்கும், வீடியோ பழைய இடத்திலேயே நிற்கும் என்று நான் எழுத வேண்டியிருந்தது. நீலக் குறி விழுந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாயங்காலம் பிலோமினாவின் போன். குரல் சரியில்லை.

வழக்கமாகக் கூப்பிடுகிற நேரத்துக்கு முன்னாலேயே சாலமனே கூப்பிட்டிருக்கிறார். படுத்தபடி, மனைவி போனைப் பிடித்துக்கொள்ள. மூச்சு வாங்கியதாம். ஏதோ கேட்டார். டேவிட் பதில் சொன்னார். அதே விரல். தெரியல. டேவிட் எழுந்து நின்று, விளக்குக்குக் கீழே போய், மெதுவாகச் சொன்னார். தெரியல. மறுபடி. அப்புறம் சாலமன் விரலை ஆட்டவில்லை. புரிந்துவிட்ட மாதிரி தலையாட்டினார். கால் முடிந்தது.

"புரியல மேடம். அது எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். இவர் மனசு நோகக் கூடாதுன்னு ஆட்டினார்."

டேவிட் அதையே வீடியோவாகப் பிடித்து அனுப்பியிருக்கிறார்.

லேப்டாப்பைத் திறந்து எங்கள் ஏரியாவில் உதிர்வதைக் காட்டும் கோட்டைப் பார்த்தேன். உச்சியில். எழுந்து போய் எங்கள் மோடத்தைப் பிடுங்கினேன். அமிர்தா கத்தினாள். மொபைலில் பார்த்தேன். கோடு இம்மி அசையவில்லை. ஒரு வீடு. ஒரு வீட்டால் என்ன ஆகும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சாலமன் காலையில் போய்விட்டார். நேற்றே நினைவு தப்பிவிட்டதாம். டேவிட் அனுப்பிய வீடியோ அவர் போனில் முழுதாக வந்து கிடக்கிறது. யாரும் திறக்கவில்லை.

டேவிட்டும் பிலோமினாவும் இன்றைய ரயிலில். ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை. என்ன முகத்தோடு போவது.

சீனிவாஸ் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அய்யோ பாவம்" என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு கச்சிபௌலி வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார்.

கேஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வெயில். டேவிட்டும் பிலோமினாவும் ஆபீஸுக்கு வந்தார்கள், இணைப்பை ரத்து செய்து மோடத்தைத் திருப்பிக் கொடுக்க. கவுண்டரில் கொடுத்தாலே போதும். என்னைக் கேட்டு மேலே வந்திருக்கிறார்கள். டேவிட்டுக்குத் தாடி வளர்ந்திருந்தது. இளைத்திருந்தார்.

உட்கார்ந்ததும் போனில் எழுதிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதில் எவ்வளவு அண்ணனுக்குப் போனது? உங்கள் கம்ப்யூட்டரில் இருக்குமா?

எவ்வளவு உதிர்ந்தது என்ற எண்ணிக்கை இருக்கிறது, அதுவும் தெரு முழுவதற்கும் சேர்த்து. எது உதிர்ந்தது என்று இருக்காது. எப்படி எழுதுவது என்று அழித்து அழித்துக் கடைசியில் எழுதினேன்: இல்லை. போகாதது எங்கேயும் இருக்காது.

படித்தார். அப்புறம் எழுதினார்: ஒரு பாதியாவது போயிருக்குமா?

தெரியாது என்று எழுதினேன். ஆமாம் என்று எழுதியிருக்கலாம். கை வரவில்லை.

போனை மேஜையில் வைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி இடம் செய்துகொண்டார். இரண்டு கையையும் எடுத்து, என்னைப் பார்த்து, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். நெஞ்சிலிருந்து ஒரு கை, தோளுக்கு மேலே எதையோ தூக்குகிற மாதிரி, இரண்டு விரல்கள் சேர்ந்து நடந்து, நின்று, ஒன்று குனிய, மற்றது காத்திருக்க. பிறகு உள்ளங்கையில் ஏதோ தேய்த்தார். கண்ணை எடுக்காமல் கடைசிவரை சொல்லி முடித்தார்.

"என்ன சொல்றார்?" என்று பிலோமினாவைக் கேட்டேன்.

"அன்னைக்கு அண்ணனுக்குச் சொன்னது மேடம். என்னன்னு எனக்கும் தெரியாது. கேட்டுப் பாத்துட்டேன்."

எதிரே, மூன்றடி தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், ஒரு அசைவு விடாமல் பார்த்திருக்கிறேன். ஒன்றும் புரியவில்லை. டேவிட் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். போனேன்.