பெயர் ஒட்டிய டப்பி

காட்டாத்துறை
கொல்லம் 1106, ஆடி 12

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தம்பி சிலுவைதாசனுக்கு அக்காள் ராஜபாய் ஆசையோடு எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். எழுத்துப் பிழைக்குச் சிரிக்காதே. இரண்டாம் கிளாசில் என்னைப் பாதியில் நிறுத்தியது உன்னை இடுப்பில் சுமக்கத்தான்.

காலில் அட்டை கடிக்கிறது என்று எழுதியிருந்தாய். கங்காணி கடிப்பதை எழுதவில்லை. அட்டையாவது வயிறு நிறைந்தால் விழுந்துவிடும், மக்கா.

கிணற்றடி மாவில் புல்லுருவி ஏறிவிட்டது. தூரத்தில் பார்த்தால் மரம் தழைத்த மாதிரி இருக்கிறது. கிட்டே போனால் மாவிலை ஒரு பிடி இல்லை. அத்தான் வெட்ட ஏறினார்; எந்தக் கொப்பை விடுவது என்று தெரியாமல் இறங்கிவிட்டார்.

நீ கிறிஸ்துமசுக்கு வந்துபோன பலன், உன் பெண்சாதி செல்லபாய்க்கு இது ஏழாம் மாதம். தூரத்தில் பார்த்தால் அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள்.

நீ வருவதற்கு முந்தின மாதம், கொக்கிப்புழு பார்க்கச் சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். வெறுங்காலில் ஏறிக் குடலைக் கடித்து ரத்தம் குடிக்கிற புழுவாம். ஆளுக்கொரு தகர டப்பி, மேலே பெயர் ஒட்டி. காலையில் அதில் எதைப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை நான் எழுத மாட்டேன். அத்தான் பாயசம் கொண்டுபோவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். புழு இருந்த எங்களுக்கு மருந்து தந்தார்கள், தேறினோம். செல்லபாய், தனக்குப் புழு இல்லையாம் என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் அவள் சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றாள். வீட்டைத் தின்னாத ஏட்டி, தம்பி வந்தா எங்க படுப்பான் என்று கேலி செய்தேன். சிரித்தாள். உதடு வெளுத்த துணி மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிறு நிறையப் புழுவாம். மருந்தைப் பிரசவத்துக்குப் பிறகுதான் கொடுக்க முடியுமாம். அதுவரை இருக்கிற ரத்தம் காணுமா என்று அத்தான் கேட்டதற்கு டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் புழு குடிக்கிறது, ஒரு பக்கம் உன் பிள்ளை குடிக்கிறது. அவளிடம் எவ்வளவுதான் இருக்கும்?

சர்க்கார் ஆட்கள் வந்த அன்றைக்கு அவள் டப்பியைக் கொடுக்கவே இல்லையாம். ஏன் என்று கேட்டேன். அதில் சிலுவைதாசன் பெண்சாதி என்று எழுதி ஒட்டியிருந்ததாம். அவிய பேரு எழுதினதுல போயி எப்படி மைனி என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். பெயர் கிழியாமல் துடைத்து, நீ வாங்கித் தந்த கொண்டை ஊசிகளை அதில் போட்டு வைத்திருக்கிறாள். நான் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

நேற்று அந்த ஊசிகளை என் கொண்டையில் குத்தி, ஒங்களுக்கு நல்லா இருக்கு, வச்சுக்கிடுங்க மைனி என்றாள். திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.

கங்காணி விடமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் லீவு கேள். நீ கொடுத்தால் வாங்குவாள். கர்த்தர் உனக்கு வழி திறக்கட்டும். வா, மக்கா.

ஊசிகளைக் காவல் காக்கும் உன் அக்காள்,
ராஜபாய்