உள்பக்கத் தாழ்ப்பாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

என் அறையின் இரும்புக் கதவில் தாழ்ப்பாள் பிய்ந்துவிட்டது. துருதான், வேறொன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். தெருமுனை வெல்டரைக் கூப்பிட்டால், “சின்ன வேலைன்னாலும் மெஷினைத் தூக்கிட்டுத்தானே வரணும்?” என்று அரைநாள் கூலி கேட்டார். பேரம் பேசித்தான் வரவழைத்தேன். வந்தவர் தாழ்ப்பாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது துரு இல்லம்மா, யாரோ கம்பி விட்டு நெம்பியிருக்காங்க” என்றார். கூலியை ஏற்றத்தான் இந்தக் கதை என்று நானும் விறைப்பாகவே நின்றேன்.

ஆனால் அவர் உள்பக்கம் தடிமனாக இன்னொரு தாழ்ப்பாளையும் பற்றவைத்தார். பேசியதற்கு மேல் சல்லிக்காசு வாங்கவில்லை. “சூடு ஆறுற வரைக்கும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு, ஆறும்வரை வாசலிலேயே நின்றார். அவர் அதிகம் கேட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அம்மாவிடம் துரு என்றே சொல்லுங்கள். அடுத்த பார்சலில் உங்கள் பழைய செருப்பு ஒரு ஜோடி வையுங்கள், அந்தப் பெரிய தோல் செருப்பு. நான் போட்டுக்கொள்ள இல்லை; அறை வாசலில் கிடக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்