மன்னருக்குக் குரல் திரும்பிய இடம்

1996 ஜூலை 14, ஞாயிறு. சோமனூர்.

ஆனி முடியவில்லை, அதற்குள் ஆடிக் காற்று. அப்பாவின் வேட்டிகள் துவைத்தாயிற்று. கொடியில் நிற்கவில்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் இல்லை. பின்கட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி ஆளைக் கூப்பிட்டவர். இப்போது "ஊ" மட்டும். தண்ணீரா, ஃபேனா, குளிரா? ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கிறோம்.

ஆபீஸ் ஸ்டெல்லா கொடுத்த ஆங்கில நாவல். மூன்று பாகம், செங்கல் கனம். பனிமலை, மந்திரவாதி, போர். பிள்ளைகள் கதை என்றுதான் எடுத்தேன். முதல் பாகக் கடைசியில் மந்திரவாதி, கிழ மன்னரின் குரலைப் பிடுங்கி ஒரு சங்கில் அடைத்துவிடுகிறான். சபையில் மன்னர் வாயைத் திறக்கிறார். வெறும் காற்று.

மூடி வைத்தேன். மறுபடி திறந்தேன்.

ஜூலை 17, புதன்.

தூறல். பஸ்ஸில் இரண்டாம் பாகம். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

"மன்னர் பேசுவாராங்க?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "சொன்னா ருசி போயிருங்க. படிங்க."

சாயங்காலம் அப்பா புத்தகத்தைக் காட்டி "ஊ" என்றார். கதை சொன்னேன்.

அம்மா: "ஏங்கண்ணு, நோவுல கெடக்கறவருகிட்டப் போயி மந்திரம் மாயம்னுட்டு?"

மன்னருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று மழுப்பினேன். அப்பா இடது கையால் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தலையாட்டினேன். என்ன செய்ய.

ஜூலை 20, சனி.

கோவை, டாக்டர். மருந்து மாற்றம் இல்லை. "பேச்சு இனிப் பெருசா எதிர்பார்க்க வேண்டாங்க." அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னார். அப்பா என்னைத்தான் பார்த்தார்.

ஜூலை 21, ஞாயிறு.

மூன்றாம் பாகமும் முடிந்தது. சங்கு உடைகிறது, மன்னர் பேசுகிறார், மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் படைக்கும் கேட்கிறது. ஒரே பக்கத்தில் முடித்துவிட்டான். எழுதியவன் மேல் அப்படி ஒரு கோபம். ஆனாலும் அழுதேன். மன்னருக்காக, சந்தோஷத்தில். அப்பா பக்கத்து அறையில் இருப்பதே அந்த நேரம் மறந்துவிட்டது.

ஜூலை 22, திங்கள்.

லீவு. மத்தியானம் அப்பாவுக்கு மீதிக் கதை. போர், வெற்றி, பட்டாபிஷேகம் என்று ஓட்டிவிட்டேன். அப்பா புத்தகத்தின் மேல் தட்டினார். தொண்டையைத் தொட்டார். மறுபடி தட்டினார்.

அம்மா வாசற்படியில் நின்றபடி: "கேக்கறதச் சொல்லிப்போடு கண்ணு. ஒளிச்சு என்னாகப் போகுது."

"பேசிட்டாருங்கப்பா."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "ஊ." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி. மறுபடி. போதும் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

அம்மா பின்கட்டுத் தறிக்கூடத்துக்குப் போனாள். "ஏனுங்க, சித்த நேரம் நிறுத்துங்க, அவரு பேசப் பாக்கறாரு" என்று ஆட்களிடம் சொல்வது கேட்டது.

தறிகள் நின்றன. அம்மா வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஊ" தான்.