பிளக்கைக் கழற்றிய வெள்ளிக்கிழமை

கொக்குவில்
ஆவணி, 1979

மீனாம்பிகையின் அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? பேரப்பிள்ளைகள் சுகமா?

நான் கூட்டித் துடைக்கும் ரேடியோக் கடையில் ஒரு சின்னச் சங்கதி. படகு ரேடியோ திருத்துவதற்கு அலை கொடுக்கும் மெசினை வெள்ளிக்கிழமை துடைத்தபோது, பிளக்கைக் கழற்றிவிட்டேன். மறுநாள் அலையெல்லாம் அளவு தப்பிவிட்டது. வேலையாள் ஏரம்பு, "கிழவியை ஊருக்கு அனுப்புங்கோ" என்றான்.

"ஓம், நான்தான் கழட்டினனான். ஏன் தப்பினது எண்டு சொல்லிப்போட்டு அனுப்புங்கோ" என்றேன்.

முதலாளி சொன்னார். உள்ளே ஒரு பளிங்குத்துண்டு மாறாமல் துடிக்கிறதாம். அலையை வெளியே விடுவது வேறொன்று. அது நழுவப் பார்க்குமாம். அதன் துடிப்பை ஓர் எண்ணால் வகுத்துப் பளிங்கின் துடிப்போடு ஒப்பிட்டு, மெசினே அதை இழுத்து நிறுத்துமாம். எண்ணை மாற்றினால் அலை மாறும். பளிங்கு மட்டும் எந்நேரமும் ஒரே சூட்டில் இருக்க வேண்டுமாம்; பிளக்கைக் கழற்றினால் அது ஆறி, அலையெல்லாம் தப்பிவிடுமாம்.

"அப்ப அதுவும் என்னைப்போலத்தான், சூடு ஆறாது. இனி அதுக்கு நான் காவல்" என்றேன். முதலாளி சிரித்துவிட்டார். ஏரம்பு சிரிக்கவில்லை.

"நாலு நாளிலை திரும்பி வருவாள்" என்று உங்கள் தங்கை ஞானாம்பிகை சொன்னது நான் வீட்டை விட்டு வெளிக்கிட்ட சித்திரை பத்தாம் திகதி, கிணற்றடியில். நான் வரமாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

கருவாடில்லாமல் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் அனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் தடுக்கமாட்டேன். உலை கொதிக்கிறது.

பத்மாசினி