மூடிக்குள் சொட்டும் சட்டி

என் செல்ல அண்ணனுக்கு,

மெர்சி எழுதுகிறேன். உட்கார முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன் ரோஸ்ட் சட்டிக்குப் பதிலாக நான் வாங்கிய சட்டி இப்போது பேக்கரி அடுப்பில் இருக்கிறது, உள்ளே வாத்து. மதினியைச் சாப்பிட வரச்சொல்லியிருக்கிறேன், வேம்பாரில் பஸ் ஏறினார்களா என்று தெரியவில்லை. போனை எடுக்கவில்லை.

உன்னை அடக்கம் செய்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாதே. கப்பலில் சமையல்காரனாக இருந்தபோது எந்தத் துறைமுகத்திலிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தாயே, மூடி போட்ட அந்த நீலச் சட்டி. கிறிஸ்துமஸ்தோறும் மூடிக்குள் ஒட்டிய சாற்றை ரொட்டியால் துடைத்து முதல் துண்டை அம்மாவுக்கு ஊட்டுவாய். துக்க வருஷத்தில் பண்டிகைச் சமையல் இல்லை, அதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது என்று அம்மா அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டு பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டாள். மதினியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதினி குடத்தைப் பார்த்தார்கள், பையை எடுத்துக்கொண்டு வேம்பாரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. நடுவில் கிடந்து லோல்படுவது நான்.

துக்கம் கழிந்து வரும் முதல் கிறிஸ்துமஸ் இது. இதற்கும் வராவிட்டால் மதினி இனி வரவே மாட்டார்கள் என்று தோன்றியது. கப்பலில் கழித்த சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் இரண்டு சட்டி. ஒன்று பளபளவென்று இருந்தது, ஆனால் மூடியின் உள்பக்கம் வழவழப்பு. இன்னொன்று வெளியே எனாமல் பெயர்ந்தது, ஆனால் மூடிக்குள் குமிழ் குமிழாகப் புடைப்பு. புடைப்பு இருந்தால்தான் ஆவி தண்ணீராகிக் கறிமேல் சொட்டும், இல்லாவிட்டால் ஓரமாக ஓடிவிடும் என்று நீ சொன்னது நல்லவேளை மறக்கவில்லை. உள்ளே தடவினேன், துரு இல்லை. மூடியை ஆட்டினேன், ஆடவில்லை.

"ஏளா, மாப்பிள்ளையா பாக்க? சட்டிதானே," என்றார் கடை அண்ணாச்சி.

"கொஞ்சம் தண்ணி ஊத்தி உங்க டீ அடுப்புல வச்சுப் பாக்கேன் அண்ணாச்சி."

சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் தூக்கினால், நடுவிலிருந்து பொலபொலவென்று சொட்டியது. கடையிலேயே அழுதுவிட்டேன்.

வாத்துக்கு உப்பும் மிளகும் வினிகரும் தடவி, நெஞ்சுப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அடியில் வெங்காயமும் கொஞ்சம் தண்ணீரும் விட்டேன். மூடினால் திறக்கக் கூடாது, ஆவி போய்விடும். நான் இருக்கும் இடத்தில் அது நடக்குமா? எத்தனை தடவை என் கையைத் தட்டிவிட்டிருக்கிறாய். அதனால்தான் பேக்கரிக்காரரிடம், "நானே வந்து கேட்டாலும் திறந்து காட்டாதீங்க," என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனாலும் கால் நிற்கவில்லை. ரொட்டி வேலை முடிந்த அடுப்பில் சூடு போதுமா? இந்தச் சட்டியைப் பார்த்து மதினிக்கு இன்னும் கோபம் வந்தால்? அம்மா வாரிய தலையையே மறுபடி வாரிக்கொண்டிருக்கிறாள். அவள் மனதில் என்னதான்

பாதியில் எழுந்து ஓடிவிட்டேன் அண்ணே. இப்போது சாப்பிட்டு முடித்துவிட்டு எழுதுகிறேன்.

மதினி வந்தார்கள். சட்டியை மேசையில் வைத்ததும், "இது அவுக சட்டி இல்லல்லா," என்றார்கள்.

"இல்ல மதினி," என்றேன்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் உங்கிட்ட கேட்ருக்கணும்," என்றாள்.

மதினி சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்கள். மூடியைத் திறந்து கவிழ்த்தார்கள். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, புடைப்புகளில் ஒட்டியிருந்த சாற்றைத் துடைத்து எடுத்தார்கள்.

"இந்தாங்க மாமி. ஆறிரும்."

அம்மா கையை நீட்டவில்லை, வாயைத் திறந்தாள். மதினி ஊட்டிவிட்டார்கள். வாத்தில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது, யாரும் சொல்லவில்லை. திரும்பிப் போகும் பஸ்ஸைப் பற்றியும் மதினி கேட்கவில்லை.

இந்தச் சட்டி எந்தக் குடத்துக்கும் போகாது, அதற்கு நான் பொறுப்பு. மூடியைத் திறக்கமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது. என் கையைத் தட்டிவிட இனி மதினி இருக்கிறார்கள்.

உன்னிடம் அடி வாங்கியும் திருந்தாத தங்கச்சி,
மெர்சி