தண்ணீர் படாத தலை

நவம்பர் 9, சனி

குளியலறை அலமாரியில் பதினொரு டப்பாக்கள் சேர்ந்துவிட்டன. அம்மா பற்பசையைத் தேடி ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே, "இது குளியலறையா, மருந்துக்கடையா?" என்றாள். முடி அலங்காரக் கடை வைத்திருப்பவள் கேட்கிற கேள்வி.

முடியை ஒட்ட வெட்டி நாற்பது நாளாகிறது. இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இருபத்தாறு வயதில் முதல்முறையாக என் முடியைச் சந்திக்கிறேன். பள்ளி முடியும்வரை, பள்ளி விதிப்படி, மாணவிகள் எங்களுக்கெல்லாம் மண்டையோடு ஒட்ட வெட்டிவிடுவார்கள். சுருள் விடுவதற்குள் அடுத்த கத்தரி. கடைசிப் பரீட்சைக்கு மறுநாளே அம்மா என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, நேராக்கும் கிரீமைப் பூசினாள். எட்டு வருஷம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை. இடையில் என் முடி எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு முன்நெற்றி முடி பின்வாங்கத் தொடங்கியது. இரண்டு விரல் அகலம். தோல் மருத்துவர் சொன்னார்: ஒரு வருஷம் கிரீம் கூடாது, இழுத்துப் பின்னக் கூடாது. மீறினால் அந்த இடத்தில் முடி திரும்ப வருமென்று அவர் உறுதி தர மாட்டார். அதனால்தான் நேராக்கிய முடியை வெட்டினேன்.

"அந்த டாக்டரா? அவரே மொட்டை," என்றாள் அம்மா.

நவம்பர் 10, ஞாயிறு

டப்பாக்களின் மேல் சிரிக்கும் பெண்களில் ஒருத்திக்குக்கூட என் முடி இல்லை.

நவம்பர் 16, சனி

ஊரின் பெரிய சந்தை, கெஜெட்டியா. கடைக்காரி முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் தலையைப் பார்த்தாள். அனுதாபத்தோடு.

இணையத்தில் நேர் முடியிலிருந்து நெருங்கிய சுருள்வரை முடிக்கு எண்ணும் எழுத்தும் போட்டு வகை பிரித்திருக்கிறார்கள். நான் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போடுபவள் என்பதால் சந்தோஷமாகவே படித்தேன். என்னுடையது கடைசி எண், கடைசி எழுத்து. அதற்குமேல் அலமாரி இல்லை.

"இது என் வகை முடிக்கு ஒத்துவருமா?" என்று ஒரு டப்பாவைக் காட்டிக் கேட்டேன்.

"எல்லா முடிக்கும் வரும், அக்கா."

"அப்போ அது?"

"அதுவும் எல்லாத்துக்கும் வரும்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இதுல தேங்காய் படம் போட்டிருக்கு."

ஷியா கொட்டையின் வெண்ணெய், விளக்கெண்ணெய், கருஞ்சோப்பு, தேங்காய் படம் போட்டது. பதினைந்து.

நவம்பர் 28, வியாழன்

முடிக்குப் புரதம் வேண்டும் என்று ஒரு கட்டுரை. முட்டை பூசினேன். புரதக் கிரீமும் பூசினேன். இரண்டும் ஒன்றுதான், ஒன்று போதும் என்பது, முடி துடைப்பம்போல் விறைத்து நின்ற பிறகு, அதே கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மற்றவர்களை எதையும் முழுதாகப் படிக்கச் சொல்லும் வேலை எனக்கு.

உடன் வேலை பார்க்கும் டெலாலி மோந்து பார்த்துவிட்டு, "காலையில ஆம்லெட்டா? தட்டுல போட்டுச் சாப்பிடலாமே, தாயே," என்றாள்.

டிசம்பர் 7, சனி

இன்று கடையில் பிராஃபி அம்மாள். எங்கள் தெருக்கோடியில் அவளுக்கும் ஒரு கடை. சிகை அலங்காரப் பெண்கள் சங்கத்தின் தலைவர் தேர்தல் பிப்ரவரிக் கூட்டத்தில். அம்மாவும் நிற்கிறாள், அவளும் நிற்கிறாள். சீப்பு கடன் கேட்க வந்தவளாம். அவள் கடையில் சீப்பு இல்லையாம்.

என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, அம்மாவிடம் கேட்டாள். "பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா, கொனாடு?"

"நல்லாத்தான் இருக்கா."

"இல்ல... உன் வீட்டுப் பிள்ளையே உன் கடைக்கு வரலியோன்னு நாலு பேர் கேக்கறாங்க. நான்தான் அப்படியெல்லாம் இருக்காதுன்னு சொன்னேன்."

நாலு பேருக்கும் யார் சொன்னது என்று அம்மா கேட்கவில்லை. சீப்பைக் கொடுத்தனுப்பினாள். கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

"டூஃபி, கேட்டுக்கோ. சங்கக் கூட்டத்தன்னிக்குக் காலையில என் சீப்பு உன் தலையில மேலேர்ந்து கீழே நிக்காம இறங்கணும். இறங்கிச்சுன்னா உன் முடி, உன் இஷ்டம். நான் வாயே திறக்க மாட்டேன். இறங்கலேன்னா நாற்காலியில உக்காரு."

"டாக்டர் ஒரு வருஷம்னு சொன்னாரும்மா."

"டாக்டர் ஓட்டுப் போட வர்றாரா?"

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? பதினைந்து டப்பாக்கள் இருக்கும் தைரியமா? மாட்டேன் என்று சொல்ல இந்த வீட்டில் நான் பழகவே இல்லை — அதுதான்.

டிசம்பர் 21, சனி

பாலைவனக் காற்று வந்துவிட்டது. உதடு, குதிகால், மேசை எல்லாம் வெடிக்கின்றன. தலையணையில் காலையில் உடைந்த முடித் துணுக்குகள், மிளகுத்தூள்போல். இன்னும் கொஞ்சம் வெண்ணெய், அதன்மேல் எண்ணெய், அதன்மேல் தேங்காய் படம் போட்டது. அதன்மேல், யாரும் கேட்காமலே, செம்மண் தூசி.

தூசி படிந்த அலமாரி. நூலகத்துப் பெண்ணுக்குப் பொருத்தமான தலை.

ஜனவரி 5, ஞாயிறு

தேவாலயத்தில் பின்வரிசைக் குழந்தை என் தலையைத் தொட்டுவிட்டுத் தன் கையைத் தாயின் பாவாடையில் துடைத்தது.

ஜனவரி 14, செவ்வாய்

மருத்துவரிடம் மறுபடியும். ஒரு பட்டியல் எடுத்துப் போயிருந்தேன்: எது, எவ்வளவு, எந்த நாளில். அட்டவணை போட்டது. அவர் பொறுமையாக முழுவதையும் படித்தார்.

"எல்லாம் இருக்கு. தண்ணி எங்கம்மா?"

"எந்தத் தண்ணி?"

"குழாய்ல வர்ற தண்ணி. முடியை எத்தனை நாளைக்கு ஒருதடவை நனைக்கிறே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

மாதம் ஒருமுறை, சோப்புப் போடும்போது. அதற்கு நடுவில் பிளாஸ்டிக் தொப்பி போட்டுத்தான் குளிப்பேன். எங்கள் வீட்டில் தண்ணீர் என்பது முடியின் எதிரி. மழைத்தூறல் விழுந்தால் அம்மாவின் வாடிக்கைக்காரிகள் கைப்பையை விட்டுவிட்டுத் தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள். நேராக்கிய முடி நனைந்தால் காசு போச்சு. நேராக்குவதை நிறுத்திவிட்டேன். தொப்பியை நிறுத்தத் தோன்றவில்லை. மூன்று மாதமாக இத்தனை படித்தும்.

எண்ணெய் ஈரத்தைத் தராதாம், இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் காக்குமாம். காலி வீட்டுக்குப் பூட்டு மேல் பூட்டாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 15, புதன்

குழாயைத் திறந்து தலையைக் கொடுத்தேன். வெளியிலிருந்து அம்மா: "யாருடி அது தண்ணியை இப்படித் திறந்து விட்டிருக்கிறது?" யாரோ. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

பிறகு ஈரத்தோடேயே கொஞ்சம் வெண்ணெய். ஒரே ஒரு டப்பா.

ஜனவரி 29, புதன்

மிருதுவாக இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நூலகத்தில் மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சின்னச் சின்னச் சுருள்கள், பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள்போல. ஒன்றை இழுத்தால் பாதி நெற்றிவரை வருகிறது; விட்டால் ஓடிப்போய் மண்டையில் ஒட்டிக்கொள்கிறது.

அம்மா பார்த்தது ஒட்டிக்கொண்ட நிலையில். "இருந்த முடியும் போச்சா?"

தலையணையில் துணுக்குகள் இல்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்தாள். நான் தண்ணீர் தெளிக்கும் குப்பியோடு போய் உட்கார்ந்தேன். அவள் அதைப் பிடுங்கி அப்பால் வைத்தாள்.

"நனைச்சுதாம்மா சீவணும்."

"நனைச்சா எந்தச் சீப்பும் இறங்கும். அது ஏமாத்து வேலை."

"நீ அப்படிச் சொல்லலியே."

"எப்படியும் சொல்லல. உலர்ந்த தலைன்னுதான் அர்த்தம். முப்பது வருஷமா சீவறேன், எனக்குத் தெரியாதா?"

சீப்பு இரண்டு விரல் இறங்கி நின்றது. அவள் அழுத்தவில்லை; நியாயமாகவே நிறுத்தினாள். ஜெயித்தவளின் முகம் இல்லை, தொழில் தெரிந்தவளின் முகம்தான். நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. என்ன பிறவி நான், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? கண்ணாடியில் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையுறை மாட்டினாள். கிரீமைக் கலக்கினாள், அந்த நெடி, எட்டு வருஷ நெடி. அதைப் பூசுவதற்கு முன் நெற்றியோரம் முழுக்க வாஸ்லின் தடவ வேண்டும், தோல் வேகாமல் இருக்க. அம்மா எவ்வளவு அவசரத்திலும் அந்த வேலையை மட்டும் தாண்ட மாட்டாள். என் முகத்தை நிமிர்த்தி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, விரலால் நெற்றிக்கோட்டை ஒட்டி வந்தாள். இடது பொட்டில் ஆரம்பித்து நடுவில் வந்ததும் விரல் நின்றது.

திரும்பப் போனது. மறுபடி வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தடவினாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"எது?"

"இங்க. பொடிப்பொடியா முடி."

எனக்குத் தெரியாது. நான் சுருள்களைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தைப் பார்க்கப் பயந்து நாலைந்து மாதமாகப் பார்க்கவே இல்லை.

அம்மா வாஸ்லின் டப்பாவை மூடினாள். பிறகு கிரீம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டிக் கழுவினாள். "மணியாச்சு. இப்பப் பூசினா கூட்டத்துக்கு நேரமாயிடும்," என்றாள். மணி ஆறே முக்கால். கூட்டம் பத்துக்கு.

தன் நல்ல தலைத்துணியை எடுத்து எனக்குக் கட்டிவிட்டாள், இறுக்காமல்.

கூட்டத்தில் பிராஃபி அம்மாள் வந்து துணியையே பார்த்தாள். "உள்ளே என்ன, கொனாடு?"

"புது வேலை ஒண்ணு நடக்குது. உங்க கடைக்கு வர ரெண்டு வருஷம் ஆகும்."

நாலு ஓட்டில் அம்மா தோற்றாள். ட்ரோட்ரோ வேனில் திரும்பும்போது, "நாலும் அவ மருமகளுங்க," என்றாள். பிறகு வீடு வரும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். மன்னிப்பு கேட்க நினைத்தேன். எதற்கு என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

பதினான்கு டப்பாக்களை டெலாலிக்குக் கொடுத்தேன். "எனக்கு எதுக்குடி?" என்றாள். எல்லா முடிக்கும் ஒத்துவரும் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

விடுமுறை. கடையின் மூலையில் படித்துக்கொண்டிருந்தேன். முடியை வெட்டிவிட்டு வந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், பையிலிருந்து ஏழெட்டு டப்பாக்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். அம்மா அவள் தலையில் விரலை விட்டு, எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எண்ணெய் மேல எண்ணெயா பூசிட்டு வந்திருக்கே. தண்ணி யார் ஊத்துவா?"

"தண்ணியா, ஆன்ட்டி?"

"பின்ன? தண்ணி காட்டாம எண்ணெய் பூசுறதா? படிச்ச பொண்ணுதானே நீ. இந்தச் சின்ன விஷயம்கூட வீட்டுல சொல்லித்தரலியா?"

நான் பக்கத்தைத் திருப்பினேன். படித்து முடிக்காத பக்கம்.

"எங்க கடையில இதுதான் முதல் பாடம்," என்று அம்மா தொடர்ந்தாள், குரலில் முப்பது வருஷ அனுபவம். அந்தப் பெண் தன் நெற்றியைத் தொட்டு, மெதுவாக ஏதோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"டூஃபி," என்றாள். "இங்க வா. புத்தகத்தை வெச்சிட்டு வா. இவளுக்கு முன்பக்கத்தைக் காட்டு."

என் தலையை அந்நியர் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அது அவளுக்குத் தெரியும். எழுந்து போய், அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்தேன்.